பின்சீற்றில் எழுதிய புத்தகம்

உடப்பு
2025 மே 12

அன்புள்ள தங்கச்சி கஜலக்ஷ்மிக்கு,

போனில் நீ என்னைத் தடுத்து வைத்து இன்றைக்குப் பதினெட்டு நாள். முதல் மூன்று நாளும் உன் போன் பழுது என்று நினைத்தேன். அடுத்த மூன்று நாளும் என் போன் பழுது என்று நினைத்து முந்தலில் ஒரு கடையில் கொடுத்தேன். கடைக்காரன் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, போன் நல்லாத்தான் இருக்கு. ஆக்களோடதான் ஏதோ கோளாறு போல" என்றான். ஆகவே தபால். இருபத்தாறு வருசமாகத் தபால் கந்தோரில் மற்றவர்களின் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிற எனக்கு, சொந்தமாக ஒரு கடிதம் எழுத ஒரு சண்டை தேவைப்பட்டிருக்கிறது.

என்ன கோபம் என்று எனக்குத் தெரியாது. அது கிடக்கட்டும். செய்தி கேள்.

என் 'கூனிக் காற்று' புத்தகம் முதற்பதிப்பு தீர்ந்துவிட்டது. நம்பு. நானே வாங்கியது முப்பது பிரதிதான். மிச்சமெல்லாம் சனம் வாங்கியது. ஒரு விமர்சகர், "இது ஓட்டுகிறவனின் உள்ளங்கையில் இருந்து எழுந்த எழுத்து" என்று எழுதியிருக்கிறார். அதை வாசித்துவிட்டு என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். முத்திரை மைதான் இருந்தது.

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. புத்தளத்தில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற பிள்ளைகள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். தலைவர் றுமைஸ் என்று ஒரு தங்கமான பிள்ளை. என் புத்தகத்தை வாசித்துவிட்டுத்தான் சைக்கிளே வாங்கினாராம். ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை, முந்தலில் இருந்து கற்பிட்டி வரைக்கும் முப்பது சைக்கிள் ஊர்வலம்; கற்பிட்டியில் வெளியீடு. முன்னுக்கு யார் ஓடுவது? "சேர், நீங்கதான்" என்றார். நான் ஓம் என்றேன். ஏன் என்றாய் என்று கேட்காதே. என் வாய்க்கு பிரேக் கிடையாது என்பது உனக்குத் தெரியும்.

எனக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது என்பது உடப்பு முழுக்கத் தெரியும். ஆனால் உடப்பில் ஒருவரும் என் புத்தகத்தை வாசிக்கவில்லை. வாசித்தவர்களெல்லாம் பாலாவிக்கு அங்கால். இந்த ஒரு வசதியில்தான் இரண்டு வருசமாக எழுத்தாளனாகக் காலம் தள்ளினேன். இப்போது இரண்டு கூட்டமும் ஒரே றோட்டில் சந்திக்கப் போகிறது.

ஒன்பது வருசம் தினமும் காலையில் என்னை உன் பின்சீற்றில் வைத்து முந்தல் கந்தோரில் இறக்கிவிட்டு, நீ இறால் பண்ணைக்குப் போனாய். அந்த உரிமையில் கேட்கிறேன்: இரண்டு மாதம் இருக்கிறது. எனக்கு ஓடப் பழக்கு. அல்லது காய்ச்சல் வருவது எப்படி என்றாவது சொல்லு.

உன் அண்ணி அன்னலட்சுமி சுகம். அவள் சிரிப்பதை நிறுத்தினால் இன்னும் சுகமாக இருப்பேன்.

அன்புடன்
அண்ணன் கஜமுகன்


நுரைச்சோலை
2025 மே 19

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. போனில் தடுத்ததை எடுக்க மாட்டேன். போனில் நீங்கள் சிரிப்பீர்கள். கடிதத்தில் சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

என்ன கோபம் என்று தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியும். ஏழாம் அத்தியாயம்.

"தங்கச்சிக்கு ஓடப் பழக்கிய மாலை." அதில் நீங்கள் சீற்றைப் பிடித்துக்கொண்டு இறால் பண்ணை அணைக்கட்டில் என் பின்னால் ஓடிவருகிறீர்கள். பிறகு கண் கலங்கிக் கையை விடுகிறீர்கள். நான் திரும்பிப் பார்க்காமல் போகிறேன். சூரியன் இறங்குகிறது. எல்லோரும் அழுதார்களாம்.

நடந்தது இது. பண்ணை மோட்டார் சைக்கிளில் மூன்று நாள் நான் தனியாக விழுந்து எழும்பினேன். முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. நாலாம் நாள் நீங்கள் குடையோடு வந்து அணைக்கட்டில் நின்று "கவனம்! கவனம்!" என்று கத்தினீர்கள். அந்தச் சத்தத்தில் திரும்பியதால்தான் இறால் குளத்துக்குள் போனேன். உங்கள் பங்கு அவ்வளவுதான்.

அத்தியாயம் வந்தபோது நானும் சிரித்தேன். அண்ணன் தானே என்று விட்டேன். இப்போது விட முடியாது. பண்ணை மூடி ஒரு வருசம். தை மாதத்தில் இருந்து இங்கே ஒரு லேனர்ஸில் பெண்களுக்கு மோட்டார் சைக்கிள் பழக்குகிறேன். உரிமையாளர் சொன்னது: ஜூலை முடிவுக்குள் எட்டுப் பெண்கள் சேர்ந்தால் வகுப்பு நிரந்தரமாக எனக்கு. இல்லாவிட்டால் வகுப்பு நடக்கிற திடலை லொறி பழக்கக் கொடுத்துவிடுவார். ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் உங்கள் புத்தகம் நுரைச்சோலைக்கு வந்தது. நான் இருக்கிற வீட்டுக்காரி றஹ்மத் உம்மாகூட யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறா. "என்ன புள்ள, ஒங்கட நானா, அந்தப் புத்தகக்காரர்தான் ஒங்களுக்குப் பழக்கித் தந்தாராமே. பெரிய ஓட்டக்காரராம். ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?" என்றா. அடுத்த நாள், என்னிடம் பழகுகிற கமீலாவின் கணவர் ஜெமீல் வந்தார். மரியாதையான மனிசன். "ராத்தா, கோவிக்க வாணாம். பழக்கின ஆளே இரிக்கக்குள்ள, அவர் ஞாயித்துக்கிழமைல வந்து ஒரு பார்வ பாத்தா எங்களுக்கும் மனசுக்கு நிம்மதி" என்றார். நீங்கள் வரும்வரைக்கும் கமீலா வரமாட்டாவாம். அதைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். இப்போது சிபானா மட்டும் வருகிறா.

இதைத்தான் போனில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

இரண்டாம் பதிப்பில் ஏழாம் அத்தியாயம் இருக்கக் கூடாது. அதை எடுத்த பிறகு பழக்குவதைப் பற்றிக் கதைப்போம்.

கஜலக்ஷ்மி


உடப்பு
2025 மே 26

தங்கச்சிக்கு,

சிரித்தது உண்மை. ஆனால் எதற்குச் சிரித்தேன் என்று கேள். எனக்கு இடி விழுந்தாலும் முதலில் சிரிப்புத்தான் வரும். அப்பா செத்த வீட்டில் நான் சிரித்ததற்கு மாமா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் திட்டியது உனக்கு ஞாபகம் இருக்கும். ஜெமீல் என்னை ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்வை பார்க்கக் கூப்பிடுகிறார் என்று நீ சொன்னதும், கிளச் எந்தப் பக்கம் என்று தெரியாத நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு திடலைச் சுற்றி நடப்பது கண்ணுக்குள் வந்தது. சிரித்துவிட்டேன். நீ வைத்த பிறகு சிரிக்கவில்லை. அது உனக்குக் கேட்காது.

ஏழாம் அத்தியாயத்தைப் பற்றி என் தரப்பைக் கேள். முதலில் உள்ளதைத்தான் எழுதினேன். "நான் பின்னால் இருந்தேன்." எழுதிவிட்டுப் பார்த்தால் அந்த வாக்கியமும் என்னைப் போலவே குந்திக்கொண்டிருந்தது. அதை அடித்துவிட்டு, "நான் ஓட்டினேன்" என்று எழுதினேன். உடனே வாக்கியம் கிளம்பிவிட்டது! மறிக்க முடியவில்லை. முந்தல், மதுரங்குளி, பாலாவி என்று பறந்து நூற்று நாற்பது பக்கத்தில் போய்த்தான் நின்றது. ஒரு பொய் இவ்வளவு சொகுசாக ஓடும் என்று எனக்குத் தெரியாது. ஏழாம் அத்தியாயத்துக்கு வந்தபோது இவ்வளவு ஓடுகிறவன் தங்கச்சிக்கு ஒன்றும் பழக்கவில்லையா என்று புத்தகமே கேட்டது. நான் என்ன செய்ய?

ஒருமுறை நானும் ஓடிப் பார்த்தவன்தான். உனக்கு அப்போது பதினாறு வயது. நீ மாமி வீட்டில் நின்றாய். கந்தோரில் இருந்த பெரியவரின் மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கிளம்பியது. நிற்கவில்லை. கரையில் காயப்போட்டிருந்த கூனி இறாலுக்குள் போய், மூன்று பாய்க் கூனியையும் என்மேல் போர்த்திக்கொண்டு விழுந்தேன். புத்தகத்துக்குக் 'கூனிக் காற்று' என்று பெயர் வைத்ததற்கு அந்த விமர்சகர் இரண்டு பந்தியில் தத்துவம் எழுதியிருக்கிறார். உண்மைக் காரணம், மூன்று நாளாகத் தலைமுடியில் இருந்து போகாத அந்த மணம். அதோடு சரி. வருசா வருசம் ஆடியில் தீ மிதிக்கிற ஊரில் பிறந்தவன் ஒரு கிளச்சுக்குப் பயந்து ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் வந்திருக்கிறேன்.

ஒரு யோசனை. ஏழாம் அத்தியாயத்தை எடுக்காமல், "பழக்கினேன்" என்பதை "ஊக்கம் கொடுத்தேன்" என்று மாற்றினால்? குடையையும் சேர்க்கலாம். ஜூன் கடைசியில் அச்சுக்குப் போகிறது. றுமைஸ் போன் எடுத்துக்கொண்டே இருக்கிறார். அந்தப் பிள்ளைக்கு ஏழாம் அத்தியாயம் மனப்பாடம்.

இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. பஸ்ஸில் போகிறேன், ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தாலும் சுகமில்லை.

அண்ணன்


நுரைச்சோலை
2025 ஜூன் 4

அண்ணனுக்கு,

ஊக்கம் வேண்டாம். குடையும் வேண்டாம்.

உங்கள் புத்தகத்தை நேற்று முழுக்கத் திரும்ப வாசித்தேன். நல்லாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதில் கியர் மாறுவதே இல்லை. வீதியின் வலது பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லை. என் பை வலது தோளில் தொங்கும். நீங்கள் இடது தோளுக்கு மேலாகத்தான் எட்டிப் பார்ப்பீர்கள். ஒன்பது வருசம் பாதி றோட்டைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

காற்றைப் பற்றி முப்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது காற்று இல்லை, அண்ணன். என் முதுகுக்குப் பின்னால் பதுங்கி இருந்த உங்களுக்கு என் காதைச் சுற்றி வந்த மிச்சம்தான் கிடைத்தது. காற்று எப்படி என்று சொல்கிறேன்.

இப்போது சோளகக் காற்றுக் காலம். பாலாவியில் இருந்து கற்பிட்டிப் பக்கம் வரும்போது கடல் இடது கைப்பக்கம். காற்று அங்கேயிருந்து ஓயாமல் தள்ளும். நேராக இருந்தால் எதிரில் வருகிற லொறிக்குக் கீழே கொண்டுபோய் விடும். அதனால் சைக்கிளைக் காற்றின்மேல் சாய்க்க வேண்டும், ஒருவருடைய தோளில் சாய்கிற மாதிரி. சாய்ந்துகொண்டே நேராகப் போகலாம். முதல்முறை அது நடந்தபோது தனியாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன். திடீரென்று ஒரு மதில் வரும். மதில் காற்றை மறித்துவிடும். சாய்ந்து நின்ற தோள் இல்லாமல் போகும். சைக்கிள் அந்தப் பக்கம் விழப் பார்க்கும். மதில் முடிந்ததும் காற்று திரும்ப வந்து அறையும். ஆகவே கண் மதிலைப் பார்க்க முதல் கை அதை அறிந்திருக்க வேண்டும். மதில், தோப்பு, வெளி, நின்ற பஸ், வெளி. இருபது நிமிடத்தில் உடம்பில் என்னுடையது எது, சைக்கிளுடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கவலை இருக்கும், ஆனால் பின்னுக்கு வந்துகொண்டிருக்கும், எட்டிப் பிடிக்காது. இறங்கியதும் பிடித்துவிடும். அதனால்தான் பெண்கள் பழக வருகிறார்கள். கடைக்குப் போக என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவார்கள். மூன்றாம் நாள் முகத்தைப் பார்த்தால் தெரியும், கடைக்கு இல்லை.

இன்னொன்று. இதுவரைக்கும் சொல்லவில்லை. வளைவில் நான் சாயும்போது நீங்கள் சாய மாட்டீர்கள். பயத்தில் தென்னைமரம் மாதிரி நிமிர்ந்து இருப்பீர்கள். நீங்கள் நிமிர்ந்தால் சைக்கிளும் நிமிரப் பார்க்கும், வளையாது. ஆகவே உங்களுக்கும் சேர்த்து நானே சாய்ந்தேன். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒன்பது வருசம். பண்ணை மூடி நுரைச்சோலைக்கு வந்த முதல் மாதம், ஒவ்வொரு வளைவிலும் சைக்கிள் உள்ளுக்கு விழப் பார்த்தது. என்ன கோளாறு என்று சங்கிலி, டயர் எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பின்னால் நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

அதைத் திருத்த எனக்கு ஒரு மாதம் எடுத்தது. நீங்கள் ஒரு அத்தியாயத்தைத் திருத்த யோசிக்கிறீர்கள்.

கஜலக்ஷ்மி


உடப்பு
2025 ஜூன் 10

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கந்தோர் மேசையில் வைத்து வாசித்தேன். வாசித்தபின் வந்த மனிசனுக்கு முத்திரைக்குப் பதிலாக என் பேனையைக் கொடுத்தேன். மத்தியானம் சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து உன் அண்ணிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், கையொப்பத்தை மட்டும் விட்டுவிட்டு. அவள் தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"யார் எழுதினது?"

"ஏன், நான் எழுதினதா இருக்கக் கூடாதா?"

"இதில சைக்கிள் இருக்கு" என்றுவிட்டுத் திரும்பத் துருவத் தொடங்கினாள்.

தங்கச்சி, மனிசனுக்குப் பொறாமை என்றால் பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்து வரும். எனக்கு என் தங்கச்சியின் கோபக் கடிதத்தைப் பார்த்து வந்திருக்கிறது. நூற்று நாற்பது பக்கத்தில் நான் தேடியதை நீ என்னைத் திட்டுவதற்கு இடையில் ஒரு பந்தியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

ஆகவே ஒரு காரியம் செய்தேன். கோபிக்காதே. ஏழாம் அத்தியாயத்தின் இடத்தில் உன் கடிதத்தைத் தட்டெழுதிப் பார்த்தேன். திட்டை எடுத்துவிட்டு, காற்றையும் மதிலையும் வைத்துக்கொண்டு. கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் கொஞ்சம் மெருகு. பிரதி இத்துடன். பெயர் விசயம்தான் யோசனை. புத்தகம் முழுக்க என் பெயர்; நடுவில் உன் பெயர் வந்தால் வாசகர் தடுக்கி விழுவார்கள். என் பெயரிலேயே இருக்கட்டும், முன்னுரையில் "தங்கச்சியோடு கதைத்ததில் இருந்து" என்று ஒரு வரி போட்டால் என்ன?

இதை எழுதும்போதே என் கை கூசுகிறது. ஆனாலும் அனுப்புகிறேன், கூச்சத்தைவிட ஆசை பெரிதாக இருக்கிறது.

அண்ணன்


நுரைச்சோலை
2025 ஜூன் 17

அண்ணனுக்கு,

பிரதியை வாசித்தேன். மூன்றாம் பந்தியில் ஒரு கொக்கு பறக்கிறது. நான் எழுதவில்லை. சோளகத்தில் கொக்கு பறக்காது, பற்றைக்குள் நிற்கும். மதிலின்மேல் ஒரு கிழவர் இருந்து கை காட்டுகிறார். அவர் யார்? "காற்றே, என் தாயே" என்று ஒரு வரி. அந்தத் தாளை அப்படியே கவிழ்த்து வைத்தேன்.

முதலில் எனக்குப் பழக்கியதாக எழுதினீர்கள். இப்போது என் காற்றையும் உங்கள் பெயரில் கேட்கிறீர்கள். றஹ்மத் உம்மாவிடம் சொன்னேன். "புள்ள, அந்த மனிசன வீட்டுக்குள்ள எடுத்தா அலுமாரியத் தூக்கிட்டுப் போயிருவார்" என்றா.

சிபானா நேற்று சோதனையில் சித்தியடைந்தா. அவ போனதும் என் வகுப்பில் ஒருவரும் இல்லை. திடலின் ஒரு பக்கத்தில் லொறி பழக்கக் கம்பு நட்டிருக்கிறார்கள். இன்று காலையில் தனியாக அந்தத் திடலை எட்டுப் போட்டுச் சுற்றினேன், யாருக்கோ காட்டிக் கொடுக்கிற மாதிரி.

உங்கள் றுமைஸ் இங்கே வந்தார். ஊர்வலத்துக்கு "சேரின் சைக்கிளை" தங்கச்சி கொண்டுவர வேண்டுமாம். நீங்கள் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். சரி. ஜூலை 13 காலை ஆறரைக்கு முந்தலுக்கு வருவேன். சைக்கிள் என்னுடையது, நான்தான் ஓடுவேன். நீங்கள் இருந்த இடத்தில் இருக்கலாம். இல்லாவிட்டால் பஸ் இருக்கிறது.

புத்தகத்தில் என்ன போடுவது என்பது உங்கள் விருப்பம். நான் இனி அதைப் பற்றி எழுத மாட்டேன்.

கஜலக்ஷ்மி


உடப்பு
2025 ஜூன் 28

தங்கச்சிக்கு,

பதில் எழுத மாட்டாய் என்று தெரியும். எழுதாமல் இருக்க எனக்கு முடியாது.

கிழவரை இறக்கிவிட்டேன். தாயையும் எடுத்தாயிற்று. கொக்கைத்தான் இரண்டு நாள் கெஞ்சினேன். அது நல்ல கொக்கு.

நேற்று அச்சகத்துக்குப் போய்க் கடைசிப் பிரதியைக் கொடுத்தேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டு, திரும்பிப் போய் ஒரு தாளை மாற்றினேன். திரும்ப வாசல். திரும்பப் போய் இன்னொரு தாள். மூன்றாம் முறை அச்சகக்காரர், "ஐயா, உங்களுக்கு ஒரு கதிரை போட்டுத் தரட்டா?" என்று கேட்டார். என்ன மாற்றினேன் என்று சொல்ல மாட்டேன். இதுவரைக்கும் எத்தனையோ சொன்னேன். எதைச் சொன்னாலும் அதில் ஒரு கொக்கு பறந்தது. ஆகவே சொல்லாமல் இருந்து பார்க்கிறேன். பழக்கம் இல்லாததால் இந்தக் கடிதத்தையே மூன்று முறை கிழித்து எழுதினேன்.

றுமைஸுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து, "சேர், கிளச் பிடிச்ச கை" என்றார். கையை உருவ முடியவில்லை.

13ஆம் திகதி முந்தலில் நிற்பேன். பஸ்ஸுக்கு இல்லை. அதுவரைக்கும் ஒரு பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன். என்னவென்று கேட்காதே. உன் அண்ணி பார்த்துவிட்டாள், அது போதும்.

அண்ணன்


உடப்பு
2025 ஜூலை 15

தங்கச்சிக்கு,

என் முழங்கை பரவாயில்லை. மண் மட்டும் இன்னும் காதுக்குள் இருக்கிறது. வெங்காய மணமும் சேர்ந்து வருகிறது. அடுத்த புத்தகத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று உன் அண்ணி சொல்கிறாள்.

நடந்ததற்கு விளக்கம் எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. அன்றைக்குக் கதைக்க நீ இடம் தரவில்லை.

முந்தலில் முப்பது சைக்கிள் உறுமிக்கொண்டு நிற்க, நீ வந்து நிறுத்தினாய். றுமைஸ் உன்னைப் பார்த்து, "ராத்தா, இறங்குங்க, சேர் ஏறட்டும்" என்றார். நான் அவரைத் தாண்டி நடந்து வந்து உன் பின்னால் ஏறினேன். ஐம்பத்திரண்டு வருசத்தில் நான் செய்த ஒரே வீரச் செயல் அது. யாரும் கை தட்டவில்லை. ஒரு பிள்ளை, "சேருக்குக் கால் நோவா?" என்று கேட்டது மட்டும் கேட்டது. புத்தகக் கட்டு என் மடியில். நீ ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பாலாவி வரைக்கும் உன் முதுகோடுதான் கதைத்தேன்.

பிறகு காற்று வந்தது. நீ எழுதியபடியே. இந்தமுறை நான் உன் முதுகுக்குப் பின்னால் பதுங்கவில்லை. தலையை வலது பக்கம் நீட்டினேன். அங்கே ஒரு கோயில் இருக்கிறது! நான் பார்க்காமல் விட்ட பாதி றோட்டில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ?

இனிப் பயிற்சியைச் சொல்கிறேன். இரண்டு கிழமையாக மாலைத் தேநீருக்குப் பிறகு சாப்பாட்டு மேசைக் கதிரையைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் காலைப் பரப்பி இருந்துகொண்டு சாயப் பழகினேன். இடது, வலது, இடது. அன்னலட்சுமி குசினிக்குள் இருந்து லொறி மாதிரி ஹோர்ன் அடிப்பாள். ஒன்பது வருசம் நீ எனக்கும் சேர்த்துச் சாய்ந்தாய் என்று எழுதிய அன்றிலிருந்து, ஒரு வளைவிலாவது என் பங்கை நானே சாய்வது என்று முடிவு எடுத்திருந்தேன். நுரைச்சோலைக்கு முன்னால் ஓர் இடது வளைவு வந்தது. கண்ணை மூடவில்லை. சாய்ந்தேன். அச்சொட்டாகச் சாய்ந்தேன். கதிரையில்கூட அவ்வளவு நன்றாக வந்ததில்லை.

நீ பழைய கணக்கில் எனக்கும் சேர்த்துச் சாய்ந்திருப்பாய் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மிச்சம் உனக்குத் தெரியும். முன்னுக்குப் போன நாம் வளைவைவிட அதிகமாக வளைந்து வெங்காயப் பாத்திக்குள் இறங்கினோம். நான் புத்தகக் கட்டோடு பறந்தேன். அந்த நேரத்தில் ஒரு கொக்கைக்கூட நினைக்கவில்லை. விழுந்த இடத்தில் இருந்து பார்த்தேன்: நீ விழவில்லை. காலை ஊன்றாமல், ஆறு பாத்தியையும் குறுக்காகக் கடந்து, மண்ணை வாரி இறைத்துக்கொண்டு, ஒரு பெரிய வட்டம் எடுத்துத் திரும்ப றோட்டுக்கு ஏறி நின்றாய். முப்பது சைக்கிளும் என்ஜினை நிறுத்திவிட்டது. அப்படி ஓர் அமைதியை என் எந்த அத்தியாயமும் உண்டாக்கியது கிடையாது.

நீ திட்டி எழுது. காத்திருக்கிறேன்.

அண்ணன்


நுரைச்சோலை
2025 ஜூலை 22

அண்ணனுக்கு,

திட்ட நேரம் இல்லை. ஆட்கள் கூடிவிட்டார்கள்.

அன்றைக்கு நான் கதைக்காததற்குக் காரணம் உண்டு. சைக்கிளை நிறுத்திவிட்டு உங்களைத் தூக்க வந்தேன். அதற்குள் றுமைஸும் பிள்ளைகளும் உங்களைத் தூக்கிவிட்டார்கள். நான் புத்தகங்களைப் பொறுக்கினேன். ஒன்று பாத்தியில் விரிந்து கிடந்தது. மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்தேன். ஏழாம் அத்தியாயம். "காற்றும் மதிலும்." கீழே, எழுதியவர் கஜலக்ஷ்மி. கொக்கு இல்லை. திட்டையும் எடுக்கவில்லை. முழுக்கப் போட்டிருக்கிறீர்கள், தென்னைமரம் வரைக்கும். முதல் பக்கத்தில் உங்கள் பெயருக்குக் கீழே, "இந்த நூலாசிரியருக்கு மோட்டார் சைக்கிள் ஓடத் தெரியாது" என்று ஒரு வரி.

அங்கேயே நின்று இரண்டுமுறை வாசித்தேன். தோட்டக்காரர் வந்து, "தங்கச்சி, வெங்காயத்த மிதிச்சிட்டு நிக்கிறீங்க" என்றார். மன்னிப்புக் கேட்டேன். "ஒரு பாத்தி போனா போகட்டும், திரும்ப ஒருக்கா அந்த வட்டத்த எடுங்க, மகள் பாக்கல்ல" என்றார்.

நீங்கள் கற்பிட்டி மேடையில் கதைத்தது நீளம். ஆனால் குடையைப் பற்றிச் சொன்னதுக்கு ஜெமீல் சிரித்ததைப் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் கமீலாவைத் தானே கொண்டுவந்து விட்டார். "ராத்தா, மத்ததெல்லாம் பொறகு. அந்த வெங்காயத்துக்குள்ளால வந்தத மொதல்ல பழக்கிக் குடுங்க" என்றார். கமீலா அவரைத் திரும்பிப் பார்த்து, "நீங்க போங்க, கவனம் கவனம் எண்டு கத்தாம" என்றா. உங்கள் மேடைப் பேச்சு அதற்குள் அவவிடமும் போயிருக்கிறது.

இன்றோடு ஒன்பது பேர். திடலில் நட்ட கம்புகளை நேற்றுப் பிடுங்கினார்கள். றுமைஸ் தன் தங்கச்சியையும் கூட்டிவந்தார். உங்களோடு கொஞ்சம் கோபம்தான். இரண்டு வருசம் மனப்பாடம் செய்தது வீணாம். புது ஏழாம் அத்தியாயத்தைத் தொடங்கியிருக்கிறாராம்.

போனில் தடுத்ததை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் நீங்கள் கொஞ்சம் குறைவாகக் கதைக்கிறீர்கள்.

வருகிற ஞாயிறு காலை உடப்புக்கு வருகிறேன். பூமிதிப்புக்கு முதல் அண்ணியையும் பார்க்க வேண்டும். கந்தோர் இல்லாத நாள்தான், ஆனாலும் உங்களை முந்தல் வரைக்கும் ஏற்றிப் போகிறேன். பாலம் கடந்ததும் வருகிற வளைவு உங்களுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து சாய்ந்தால் அங்கே வெங்காயம் இல்லை, தண்ணீர்தான்.

ஆகவே வளைவுக்கு முன்னால் என் தோளில் ஒருமுறை தட்டுங்கள். தட்டினால், உங்கள் பங்கை உங்களிடமே விடுகிறேன். தட்டாவிட்டால் பழையபடி நானே சாய்கிறேன்.

கஜலக்ஷ்மி